ஈர மணலில் ஒரு ஜிமிக்கி: திருவொற்றியூர் கரையில் 2 டிடெக்டர், 2 பின்பாயின்டர்

காணும் பொங்கலன்று மாலை திருவொற்றியூர் கடற்கரையில், கடலுக்குள் நீளும் இரண்டு கருங்கல் தடுப்புகளுக்கு (தூண்டில் வளைவுகளுக்கு) நடுவே, தண்டையார்பேட்டை அக்கா ஒருவரின் வலது காதுத் தோடு தொலைந்தது. இடுப்பில் இருந்த குழந்தை காதைப் பிடித்து இழுத்ததில் திருகாணி கழன்றுவிட்டது. தோடும் அதில் தொங்கிய ஜிமிக்கியும் அலை ஏறி இறங்கும் ஈர மணலில் விழுந்தன. மறுநாள் விடியற்காலையில் நானும், காசிமேட்டில் போட் எஞ்சின் மெக்கானிக்காக இருக்கும் என் நண்பரும் தேடப் போனோம். எங்களிடம் 2 மெட்டல் டிடெக்டரும் 2 பின்பாயின்டரும் இருந்தன.

கிளம்பும் முன் அக்கா இடது காதில் இருந்ததையும் கழற்றி, ஒரு மஞ்சள் துணியில் முடிந்து என் கையில் வைத்தார். "ரெண்டும் ஒரே அச்சு தம்பி. இத்த வச்சு மெஷினுக்குக் காட்டு, அது புரிஞ்சிக்கும்" என்றார். இந்த ஆய்வுக்கே அடிப்படை அந்த முடிச்சுதான். தேடுகிற பொருளின் ஜோடி கையில் இருக்கிறது. அதே தங்கம், அதே எடை, அதே வேலைப்பாடு. அதைத் தொலைந்த இடத்திலேயே புதைத்து எடுத்து நான்கு கருவிகளையும் சோதித்துப் பார்க்கலாம். டிடெக்டர்களை ஒப்பிடுபவர்கள் பெரும்பாலும் மேஜை மேல் வெளிநாட்டு வெள்ளிக்காசை வைத்து ஒப்பிடுகிறார்கள். நம் கரையில் ஒரு கருவி என்ன செய்யும் என்பது அதிலிருந்து கொஞ்சமும் தெரியாது.

கையில் இருந்த கருவிகளின் பெயரை எழுதப் போவதில்லை. ஒரு காலைப்பொழுதில் ஒரு கருவி நடந்துகொண்டதை வைத்து அதைச் செய்த கம்பெனிக்கு மார்க் போடுவது நியாயமில்லை. மேலும், முடிவைத் தீர்மானித்தது கம்பெனி இல்லை, உள்ளே இருக்கும் தொழில்நுட்ப வகை. டிடெக்டர்களில் என்னுடையது ஒற்றை அதிர்வெண் கருவி. நண்பருடையது ஒரே நேரத்தில் பல அதிர்வெண்களில் வேலை செய்வது. பின்பாயின்டர்களில் ஒன்று வழக்கமான தூண்டல் வகை, மற்றது பல்ஸ் வகை. பின்பாயின்டர் என்பது டார்ச் லைட் அளவில் கைக்குள் அடங்கும் சின்ன டிடெக்டர். பெரிய கருவி "இங்கே ஏதோ இருக்கிறது" என்று சொன்ன பிறகு, தோண்டிய குழிக்குள் விட்டு இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்று பார்ப்பதற்கு.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வடசென்னைக் கரையில் தேடப் போகிறவர் டிடெக்டரில் பல அதிர்வெண் வகையையும், பின்பாயின்டரில் பல்ஸ் வகையையும் வாங்க வேண்டும். பணம் பத்தாது என்றால் டிடெக்டரில் ஒரு படி இறங்கலாம், பின்பாயின்டரில் இறங்கக் கூடாது. கடைக்காரர்கள் சொல்வது பெரும்பாலும் இதற்கு நேர்மாறாக இருக்கும்.

கரை எப்படிப்பட்டது

சென்னைத் துறைமுகத்துக்கு 1870-களில் கடலுக்குள் சுவர் எழுப்பத் தொடங்கியதிலிருந்து இந்தக் கரையின் கதை மாறிவிட்டது. ஆண்டு முழுவதையும் கூட்டிக் கழித்துப் பார்த்தால் நம் கடலில் மணல் தெற்கிலிருந்து வடக்கே போகிறது. சுவர் அதைத் தடுத்தது. தெற்கே மணல் சேர்ந்து மெரினா அகலமானது; வடக்கே ராயபுரத்திலிருந்து கடல் அரிக்க ஆரம்பித்தது. அரிப்பைத் தடுக்கத்தான் எண்ணூர் விரைவுச் சாலை ஓரமாகக் கருங்கல் கொட்டினார்கள், தூண்டில் வளைவுகளும் போட்டார்கள். இரண்டு வளைவுகளுக்கு நடுவே மணல் ஒதுங்கிச் சின்னச் சின்னக் கரைகள் உருவாகியிருக்கின்றன. ஜனங்கள் கால் நனைப்பது அங்கேதான்.

அடுத்தது ஓதம். சென்னையில் கடல் ஏறி இறங்கும் உயரம் அமாவாசை, பௌர்ணமி நாட்களில்கூட ஏறத்தாழ 1 மீட்டர்தான். இங்கிலாந்துக் கரைகளில் கடல் வெகுதூரம் உள்வாங்கி, மைதானம் போல ஈர மணலை விட்டுப் போகிறது; அங்கே நிதானமாக நடந்து தேடுகிறார்கள். இங்கே ஈரப் பட்டை சில அடி அகலம்தான், அதுவும் சரிவாக இருக்கும். அதற்குள் வேலை செய்தால் அலை காலைத் தொட்டுக்கொண்டே இருக்கும், டிடெக்டரின் கீழ்நுனியில் இருக்கும் வட்டமான கம்பிச்சுருள், அதாவது காயில், பாதி நேரம் உப்புத் தண்ணீரில்தான் இருக்கும்.

மணலும் வெறும் மணல் இல்லை. அலை அடித்துக் கழுவிய இடங்களில் கறுப்பாக ஒரு படலம் தெரியும். காந்தத்தைத் தடவினால் மயிர் மயிராக ஒட்டிக்கொள்ளும் இரும்புத் தாதுக்கள் அதில் உண்டு. கூடவே மீன்பிடித் தொழிலின் மிச்சங்கள்: துருப்பிடித்த தூண்டில், கம்பித் துண்டு, போல்ட், நட்டு, எல்லாவற்றுக்கும் மேலாக வலையில் கோக்கும் ஈயக்குண்டுகள். என்ன உலோகம் என்று ஊகிக்க டிடெக்டரின் திரையில் ஓர் எண் வரும்; ஈயம் காட்டும் எண்கள் தங்க மோதிரம் காட்டும் எண்களோடு கலந்துவிடும். சத்தமும் சுத்தமாக, உருண்டையாக, "தோண்டு, தோண்டு" என்று கூப்பிடும். இந்தக் கரையில் நல்ல சிக்னல் கேட்டால் பத்துக்கு எட்டு ஈயம் என்று வைத்துக்கொள்ளலாம். கருவியைக் குறை சொல்லிப் பயனில்லை. பருமனான தங்கமும் ஈயக்குண்டும் மின்சாரத்தைத் திருப்பித் தரும் விதம் அவ்வளவு நெருக்கமானது.

நம் காசைப் பற்றியும் ஒரு வார்த்தை. இப்போது புழக்கத்தில் இருக்கும் 1 ரூபாய், 2 ரூபாய் நாணயங்கள் ஃபெரிட்டிக் வகைத் துருப்பிடிக்காத எஃகு. 83 சதவீதம் இரும்பு, 17 சதவீதம் குரோமியம். காந்தம் பிடிக்கும். இரும்பை ஒதுக்கும்படி டிடெக்டரை வைத்தால் இவை சத்தமே போடாமல் போகலாம், அல்லது தட்டையான வட்டமாக இருப்பதால் வெள்ளியைப் போல உச்ச எண்ணுக்குத் தாவி ஏமாற்றலாம். வெளிநாட்டு வீடியோவில் "இந்த எண் வந்தால் காசு" என்று சொல்வதை இங்கே மனப்பாடம் செய்து பலனில்லை. 5 ரூபாய் பித்தளை நாணயமும் 10 ரூபாய் இருநிற நாணயமும் ஓரளவு நிலையாக நிற்கும். பழைய 10 பைசா, 20 பைசா அலுமினியக் காசுகள் இன்னும் மணலில் வருகின்றன; அவற்றை எந்தக் கருவியும் விடாது.

உப்பும் தங்கமும்

டிடெக்டரின் காயில் மாறிக்கொண்டே இருக்கும் காந்தப்புலத்தை மண்ணுக்குள் அனுப்புகிறது. உலோகத்தில் அது சுழல் மின்னோட்டத்தை எழுப்புகிறது. அந்த மின்னோட்டம் தானும் ஒரு சின்ன காந்தப்புலத்தை உண்டாக்க, கருவி அதைக் கேட்டுச் சத்தம் போடுகிறது. உப்புத் தண்ணீரும் மின்சாரத்தைக் கடத்தும் என்பதால் அதிலும் சுழல் ஓட்டம் எழும். கருவியின் காதுக்கு ஈர மணல் முழுவதும் மெல்லிய அலுமினியத் தாள் விரித்தது போல இருக்கும்.

ஒற்றை அதிர்வெண் கருவியில் மண்ணின் சத்தத்தை அடக்க ஒரு சரிக்கட்டல்தான் உண்டு. கருமணலுக்கு அதை ஒரு பக்கம் திருப்ப வேண்டும், உப்புக்கு வேறு பக்கம். இரண்டும் கலந்து கிடக்கும் இடத்தில் ஒன்றை அடக்கினால் மற்றது கத்தும். சென்சிடிவிட்டியை, அதாவது கருவியின் உணர்திறனை, குறைத்தால் அமைதி வரும், ஆனால் ஆழம் போய்விடும். அதோடு சின்னத் தங்கத்தைக் கேட்க உயர்ந்த அதிர்வெண் வேண்டும். உப்பு அதிகமாகக் கத்துவதும் உயர்ந்த அதிர்வெண்ணில்தான். தங்கம் தேடுபவருக்குக் கடற்கரை வைக்கும் முதல் கண்டம் இது.

பல அதிர்வெண் கருவி தாழ்ந்ததும் உயர்ந்ததுமான பல அதிர்வெண்களில் ஒரே சமயத்தில் கேட்கிறது. உப்பு ஒவ்வொன்றிலும் எப்படிப் பேசும் என்பது அதற்குத் தெரியும். ஒப்பிட்டுப் பார்த்து உப்பின் பங்கைக் கழித்துவிடுகிறது. ஆனால் மெல்லிய தகட்டில் செய்த நகையும், நூல் போன்ற செயினும் உப்பைப் போலவே பேசுகின்றன. உப்பைக் கழிக்கும்போது அவற்றையும் சேர்த்துக் கழித்துவிடுகிறது கருவி. கருவியைக் கடற்கரைக்கென்று மாற்றி வைக்கும் பீச் மோடில் பருமனான மோதிரம் ஆழத்திலிருந்து கேட்பதும், மெல்லிய செயின் காயிலுக்கு அடியிலேயே கிடந்து கேட்காமல் போவதும் இதனால்தான். செயினில் இன்னொரு சங்கடமும் உண்டு. ஒவ்வொரு கண்ணியும் தனித்தனியாகப் பேசுவதால் மொத்தச் செயினின் எடையைக் கருவி உணர்வதில்லை. பல நேரம் கொக்கி மட்டும்தான் கேட்கும்.

பல்ஸ் வகையின் வழியே வேறு. அது தொடர்ந்து ஒலிப்பதில்லை. ஒரு துடிப்பை அனுப்பிவிட்டு மௌனமாகி, சில மைக்ரோ விநாடிகள் கழித்துக் கேட்கிறது. உப்பில் எழுந்த ஓட்டம் அதற்குள் செத்துப்போகும். உலோகத்தில் எழுந்தது இன்னும் ஓடிக்கொண்டிருக்கும். அதனால் உப்பும் கருமணலும் அதற்குப் பெரிய பொருட்டில்லை. பதிலுக்கு எது இரும்பு, எது தங்கம் என்று பிரிக்கும் திறன் ஏறக்குறைய இல்லை. ஆணியும் அதற்கு உலோகம், நகையும் உலோகம். தூண்டிலும் கம்பியும் கொட்டிக் கிடக்கும் நம் கரையில் பெரிய டிடெக்டரே பல்ஸ் வகையாக இருந்தால், பொழுதெல்லாம் துரு தோண்டியே முதுகு ஒடிந்துவிடும். பின்பாயின்டருக்கு அந்தக் கவலை கிடையாது. இரும்பை ஒதுக்கும் வேலையைப் பெரிய கருவி முடித்துக் கொடுத்துவிட்டது. குழிக்குள் இருப்பதைக் காட்டினால் போதும்.

இடது காது தந்த பாடம்

முடிச்சை அவிழ்த்துப் பார்த்தால் மூன்று உருப்படி. கல் பதித்த தோடு, பின்னால் தடித்த தண்டுடன். அதில் கொக்கியால் தொங்கும் ஜிமிக்கி: கவிழ்த்த கிண்ணம் போல உள்ளே வெற்றாக, தகட்டில் அடித்தது, விளிம்பில் சின்ன மணிகள். மூன்றாவது, ஒரு மிளகு அளவுகூட இல்லாத திருகாணி. மூன்றும் 22 காரட்தான். ஆனால் டிடெக்டருக்கு இவை மூன்று வேறு உலகம்.

ஒவ்வொன்றையும் ஜிப் வைத்த சின்னப் பிளாஸ்டிக் பையில் போட்டு, நைலான் நூல் கட்டி, நூலின் மறுமுனையை ஒரு குச்சியில் முடிந்துகொண்டோம். அடுத்தவர் நகையை அலைக்குப் பக்கத்தில் புதைக்கும்போது இந்த நூலை விட்டுவிடக் கூடாது. முதலில் சாலையோரக் காய்ந்த மணல், பிறகு ஈரப் பட்டை.

காய்ந்த மணலில் இரண்டு டிடெக்டர்களுக்கும் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. தோட்டை இரண்டுமே ஒரு சாண் ஆழத்தில் தெளிவாகச் சொல்லின. ஜிமிக்கியை ஒற்றை அதிர்வெண் கருவி கொஞ்சம் கூர்மையாகவே காட்டியது என்று சொல்ல வேண்டும். காய்ந்த மணலில் மட்டும் தேடப் போகிறவர் கூடுதல் பணம் போட வேண்டியதில்லை என்று நான் சொல்வது இதனால்தான்.

ஈரப் பட்டைக்கு வந்ததும் கதை மாறியது. ஒற்றை அதிர்வெண் கருவியில் பீச் மோடு போட்டு, மண்ணுக்குச் சரிக்கட்டி, சென்சிடிவிட்டியைப் பாதிக்குக் கீழே இறக்கிய பிறகுதான் காது கொடுத்துக் கேட்க முடிந்தது. அந்த நிலையில் தோடு நாலு விரல் ஆழம் வரை கேட்டது. ஜிமிக்கி மணலின் மேலேயே கிடந்தால் சின்னக் கீச்சு. இரண்டு விரல் மணல் மூடினால் இல்லை. ஒவ்வொரு அலைக்கும் கருவி ஒரு பாட்டம் கத்தி ஓய்ந்தது.

பல அதிர்வெண் கருவி அதே இடத்தில் தோட்டை ஒரு சாணுக்குச் சற்றுக் குறைவான ஆழம் வரை நிலையான எண்ணோடு சொன்னது. ஜிமிக்கி நாலு விரலில் கேட்டது, ஆனால் எண் நிற்கவில்லை. ஒரு வீச்சில் ஒன்று, திரும்பும் வீச்சில் இன்னொன்று, நடுவில் மௌனம். வீட்டு மொட்டை மாடியில் இப்படி ஒரு சத்தம் கேட்டால் குப்பை என்று விட்டுவிடுவோம். அன்று காலை எங்களுக்கு அதுதான் ஜிமிக்கியின் குரல் என்று காது பழகிவிட்டது. அக்கா சொன்ன "மெஷினுக்குக் காட்டு" என்பது உண்மையில் எங்கள் காதுக்குத்தான் உதவியது.

திருகாணியை இரண்டு டிடெக்டருமே ஈர மணலில் கண்டுகொள்ளவில்லை, மேலேயே வைத்தாலும்.

தேடல்

வலை பின்னிக்கொண்டு உட்கார்ந்திருந்த ஒரு பெரியவர் எங்களை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். "இன்னா தம்பி, ஈயம் பொறுக்கவா?" என்றார். விஷயத்தைச் சொன்னதும் எழுந்து வந்து, அக்கா நின்ற இடத்தைக் கேட்டுவிட்டு, "அங்க தேடாத. இந்த மாசத்துல மண்ணு தெக்கால ஓடும். கனமானது கல்லாண்ட ஒதுங்கும், கீழ போவும். மண்ணு படிக்கட்டு மாரி வெட்டியிருக்கு பாரு, அதுக்குக் கீழ பாரு" என்றார். வடகிழக்குப் பருவக்காற்று முடியும் தை மாதம் வரை இங்கே மணல் தெற்கு நோக்கிப் போவது கடலியல் சொல்லும் செய்தி. ஆனால் எந்தப் படிக்கட்டுக்குக் கீழே என்று பெரியவருக்குத்தான் தெரியும்.

அக்கா காட்டிய இடத்திலிருந்து தெற்கே தூண்டில் வளைவின் கற்கள் வரை கயிறு கட்டிப் பட்டை பட்டையாகப் பிரித்தோம். ஒரு வீச்சுக்கும் அடுத்ததற்கும் பாதிக் காயில் அகலம் மேலே படும்படி, தரையை ஒட்டி, மெதுவாக. பெரும்பாலானவர்கள் காயிலை ஊஞ்சல் மாதிரி ஆட்டுகிறார்கள். வீச்சின் இரு முனையிலும் அது தரையை விட்டு மேலே போகிறது, ஆழம் அங்கேயே போய்விடுகிறது. என் ஒற்றை அதிர்வெண் கருவியை மேலே காய்ந்த பகுதிக்கு அனுப்பிவிட்டு, நண்பரின் கருவியை மட்டும் ஈரத்தில் ஓட்டினோம். பக்கத்துப் பக்கத்தில் இரண்டு கருவிகள் ஓடினால் ஒன்றின் சத்தம் மற்றதன் காதில் விழும் என்பதும் ஒரு காரணம்.

ஈயக்குண்டுகள் வந்தன. சோடா மூடி, ஒரு ரூபாய்க் காசு, மாத்திரை அட்டையின் தாள், பாதி உடைந்த பூட்டு. நண்பர் ஒன்றையும் திரும்பக் கடலில் போடவில்லை. எல்லாம் ஒரு சாக்கில் சேர்ந்தது. இது எங்கள் பழக்கம் மட்டுமில்லை. தோண்டிய குப்பையை அங்கேயே விட்டால் அடுத்தமுறை அதையேதான் தோண்டுவோம், வெறுங்காலில் நடக்கும் பிள்ளைகளுக்கும் ஆபத்து.

தோடு படிக்கட்டுக்குக் கீழே, கற்களிலிருந்து நாலைந்து அடி தள்ளிக் கிடைத்தது. நிலையான எண், இரு பக்க வீச்சிலும் ஒரே சத்தம். மணல் அள்ளும் ஸ்கூப்பை இறக்கி இரண்டாவது அள்ளலில் மேலே வந்துவிட்டது. பின்பாயின்டருக்கு வேலையே இல்லை.

ஜிமிக்கிக்காக ஒரு குழி

ஜிமிக்கி தோட்டோடு இல்லை. கொக்கி கழன்றிருந்தது. தோடு கிடைத்த இடத்தைச் சுற்றி மறுபடி வீசியபோது, கற்களுக்கு இன்னும் நெருக்கமாக, காலையில் பழகிய அந்தத் தடுமாறும் சத்தம் கேட்டது. எண் நிற்கவில்லை. ஒருமுறை கேட்டது, அடுத்த அலைக்குப் பிறகு கேட்கவில்லை, பிறகு மறுபடி கேட்டது. தோண்டினோம்.

கற்களுக்கு அருகே ஸ்கூப்பை ஆழமாக இறக்க முடியாது. கையால் தோண்டத் தோண்டக் குழி தானாக நிரம்புகிறது. ஓரம் சரிந்து, முன்பு எடுத்த மண்ணும் எடுக்காத மண்ணும் கலந்துவிடுகின்றன. இலேசான தகட்டு நகை அந்தக் கலக்கத்தில் நீரோடு சுற்றி எங்கு வேண்டுமானாலும் போகும். பெரிய காயில் கற்களின் நடுவே நுழையாது. இனி நகை வீடு போவதும் கடலுக்குள் போவதும் பின்பாயின்டர் கையில்.

தூண்டல் வகையை முதலில் இறக்கினோம். நுனி நீரைத் தொட்டதும் அதிர ஆரம்பித்தது. இந்த வகையைப் பயன்படுத்துபவர்களுக்குத் தெரிந்த வழி ஒன்று உண்டு: நுனியை ஈர மணலில் தொட்டபடியே பட்டனை அழுத்தினால், அந்தச் சூழலைச் சுழியம் என்று எடுத்துக்கொண்டு அமைதியாகும். அப்படிச் செய்தோம், அமைதியானது. ஆனால் அடுத்த அலை வந்து நீர் மட்டம் உயர்ந்ததும் மீண்டும் கத்தல், மறுபடி பட்டன். சென்சிடிவிட்டியைக் கடைசிப் படிக்கு இறக்கினால் கத்தல் நின்றது. காலையில் அதே படியில் இடது ஜிமிக்கியைக் காட்டியபோது நுனி முட்டினால்தான் சத்தம் வந்தது. நீரில் புரளும் பொருளை இப்படி முட்டிப் பிடிப்பது அதிர்ஷ்டம்.

பல்ஸ் வகையை இறக்கியபோது தண்ணீருக்குள் முழுதாக மூழ்கியும் சத்தமில்லை. குழியின் அடியில் இல்லை. இடது ஓரம், இல்லை. கற்களின் பக்கச் சுவரில் நுனியை நகர்த்தியபோது ஓர் இடத்தில் மட்டும் அதிர்வு. எடுத்துவிட்டுத் திரும்ப வைத்தால் அதே இடத்தில் அதே அதிர்வு. அந்தப் பக்கத்தை ஒரு கைப்பிடி மணலோடு அப்படியே வழித்துப் பிளாஸ்டிக் காய்கறிக் கூடையில் போட்டு அலசினோம். விளிம்பு ஒரு பக்கம் நசுங்கி, மணிகளில் இரண்டு உதிர்ந்து, ஜிமிக்கி கூடையின் அடியில் கிடந்தது. கூடை பிளாஸ்டிக்காக இருந்தது நல்லதாயிற்று. எவர்சில்வர் சல்லடையில் அலசினால் பின்பாயின்டரை வைத்துச் சரிபார்க்க முடியாது.

பக்கத்தில் இருக்கும் வேறு உலோகம் தேடலைக் கெடுப்பது பழைய கதை. 1881-இல் அமெரிக்க ஜனாதிபதி கார்ஃபீல்டின் உடலில் தங்கிய துப்பாக்கிக் குண்டைத் தேட அலெக்சாண்டர் கிரகாம் பெல் தன் தூண்டல் கருவியைக் கொண்டுபோனார். கருவி வேலை செய்தது. படுக்கையில் இருந்த எஃகுச் சுருள்கள் அதைக் குழப்பின, மருத்துவர் உடலின் ஒரு பக்கத்தை மட்டுமே தேட விட்டார். குண்டு அகப்படவில்லை.

திருகாணி கிடைக்கவில்லை. காலையில் இடது திருகாணியைப் பல்ஸ் பின்பாயின்டர் ஒரு விரல் தூரத்தில் காட்டியது. ஆனால் அதை எந்த இடத்தில் குத்திப் பார்ப்பது என்று சொல்லப் பெரிய கருவியால் முடியாதபோது, அந்தக் கரையை விரல் விரலாகத் துழாவ வேண்டும். அக்காவிடம் சொன்னோம். "திருகு பொற்கொல்லர் பண்ணித் தருவாரு. தோடு எங்கம்மா போட்டது தம்பி" என்றார்.

கடையில் என்ன இருக்கிறது

பல அதிர்வெண் வகை முன்பு விலையுயர்ந்த கருவிகளில்தான் இருந்தது. ஆஸ்திரேலியாவின் மைன்லேப் 2018-இல் ஈக்வினாக்ஸ் வரிசையைக் கொண்டுவந்த பிறகு நிலைமை மாறியது. அடுத்து அவர்களே குறைந்த விலையில் வேன்க்விஷ் வரிசையைக் கொண்டுவந்தார்கள். துருக்கியின் நோக்டா 2022-இல் லெஜண்டையும் பிறகு ஸ்கோர் வரிசையையும் கொண்டுவந்தது. பிரான்ஸின் எக்ஸ்பி டியஸ் 2 கருவி 20 மீட்டர் ஆழம் வரை நீருக்குள் போகும், விலையும் அந்த அளவுக்கு. வாங்கும்போது "வாட்டர்ப்ரூஃப்" என்ற ஒற்றைச் சொல்லை நம்பாமல் எது வரை என்று கேளுங்கள். வேன்க்விஷில் காயில் நனையலாம், மேலே இருக்கும் பெட்டி நனையக் கூடாது. நம் கரையில் முழங்கால் அலை திடீரென்று இடுப்புக்கு வரும். பெட்டியும் நனையத்தக்கதாக இருப்பது நல்லது.

ஒற்றை அதிர்வெண் வகையில் 15 கிலோஹெர்ட்ஸ் சிம்ப்ளெக்ஸ் அல்ட்ராவும், 5, 8, 10, 15 கிலோஹெர்ட்ஸ்களில் ஒன்றைத் தேர்ந்துகொள்ள விடும் எக்ஸ்-டெர்ரா ப்ரோவும் 5 மீட்டர் வரை நனையக்கூடிய உறுதியான கருவிகள். தோட்டம், வயல், காய்ந்த மணல், ஆற்றுப்படுகை என்றால் தயங்காமல் வாங்கலாம்.

பின்பாயின்டரில் காரெட் ப்ரோ-பாயின்டர் ஏடி பலர் கையில் இருப்பது. 9 வோல்ட் பேட்டரி, 6 மீட்டர் வரை நீருக்குள் போகும். மைன்லேப் ப்ரோ-ஃபைண்ட் 35 இரும்புக்கு வேறு சத்தம் கொடுக்கும். தரையில் அது நல்ல வசதி. பல்ஸ் வகையில் நோக்டா பல்ஸ்டைவ் 60 மீட்டர் வரை தாங்கும், சார்ஜ் செய்துகொள்ளலாம். 60 மீட்டர் நமக்குத் தேவையே இல்லை. அதற்காக அடைத்த அடைப்புதான் அலையிலும் மணலிலும் காப்பாற்றும். ஆயிரம் ரூபாய்க்கும் குறைவாக வரும் பெயரில்லாப் பின்பாயின்டர்களைக் கடலுக்குக் கொண்டுபோக வேண்டாம். பேட்டரி மூடி வழியாக உப்பு ஏறிவிடும்.

"50 அடி ஆழத்துத் தங்கத்தைத் தூரத்திலிருந்தே காட்டும்" என்று ஆன்டெனா வைத்து விற்கும் கருவிகளுக்கு ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். அப்படித் தூரத்திலிருந்து தங்கத்தை மட்டும் உணரும் தொழில்நுட்பம் எதுவும் இல்லை. இதே மாதிரி ஆன்டெனாக் கம்பியை வெடிகுண்டு காட்டும் கருவி என்று இராக்குக்கு விற்ற ஜேம்ஸ் மெக்கார்மிக்குக்கு 2013-இல் இங்கிலாந்து நீதிமன்றம் 10 ஆண்டு சிறை கொடுத்தது. அந்தக் கருவியை நம்பிய சோதனைச் சாவடிகளில் மனிதர்கள் செத்தார்கள்.

ஊரும் சட்டமும்

குப்பத்துக் கரையில் கருவியோடு இறங்குமுன் அங்குள்ளவர்களிடம் ஒரு வார்த்தை சொல்லுங்கள். அது அவர்களுடைய தொழிலிடம். வலை காய்கிறது, படகு ஏறுகிறது. சொன்னால் இடம் காட்டுவார்கள், தேநீர்கூடக் கிடைக்கும். சொல்லாமல் தோண்டினால் கேள்வி வரும், வருவது சரிதான்.

1878-ஆம் ஆண்டின் புதையல் சட்டம் இன்றும் நடப்பில் இருக்கிறது. மண்ணில் மறைந்து கிடந்த, 10 ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையல் அகப்பட்டால் மாவட்ட ஆட்சியருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். பழைய கோயில், கோட்டை, தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள இடங்கள் பக்கம் டிடெக்டரை எடுத்தே போகக் கூடாது. நேற்று யாரோ தொலைத்த நகை அகப்பட்டால் அதற்கு உரியவர் இருக்கிறார். ஆள் தெரியாவிட்டால் பக்கத்துக் காவல் நிலையத்தில் கொடுத்து எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

வீடு திரும்பியதும் காயில், தண்டு, பின்பாயின்டர் எல்லாவற்றையும் நல்ல தண்ணீரில் கழுவி நிழலில் காய வையுங்கள். காயிலின் அடி மூடியைக் கழற்றிப் பார்த்தால் கருமணல் சேர்ந்திருக்கும். அதைத் தட்டாவிட்டால் அடுத்தமுறை காய்ந்த தரையிலும் கருவி முனகும்.

இனி நகை தொலைத்தவர்களுக்கு. உடனே குனிந்து கையால் கிளறாதீர்கள். மேலே கிடப்பது அதிலேயே கீழே போகும். நின்ற இடத்திலிருந்து நேராகச் சாலையைப் பார்த்து, விளக்குக் கம்பமோ கோயில் கோபுரமோ ஓர் அடையாளம் வைத்துக்கொள்ளுங்கள். பக்கவாட்டில் தூண்டில் வளைவின் ஏதாவது ஒரு கல்லை இன்னோர் அடையாளமாக. செல்போனில் இரண்டு பக்கமும் படம் எடுங்கள். மணி என்ன, அலை அப்போது கால் வரையா முழங்கால் வரையா என்று குறித்துக்கொள்ளுங்கள். ஜோடி இருந்தால் தேட வருபவரிடம் கொடுங்கள், மோதிரமாக இருந்தால் அதே மாதிரி எடையில் ஒன்று. கூடுமானவரை அன்றிரவோ மறுநாள் விடியலிலோ தேட வேண்டும்.